‘சாதாரண டிபி’ என்று இனி சொல்லாதீர்கள்: காசநோய் ஒழிப்புத் திட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

காசநோய் ஒழிப்புத் திட்டத்தை நடத்தும் மத்திய, மாநில அதிகாரிகளுக்கு,

போன மாதம் எதிர் வீட்டுப் பெண் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பத்தொன்பது வயது, நர்சிங் இரண்டாம் வருஷம். மூன்று வாரம் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல் என்று போய்க் கொடுத்த சளியின் ரிப்போர்ட் அது. காசநோய்க் கிருமி இருக்கிறது, டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு காணப்படவில்லை என்று இரண்டே வரி. “சாதாரண டிபிதானாம் ஆன்ட்டி, ஆறு மாசத்துல சரியாயிடுமாம்” என்றாள். அவள் அம்மா பின்னால் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐஎன்ஹெச்சுக்குப் பார்த்தாங்களா?” என்று கேட்டேன். டிபிக்குக் கொடுக்கிற இன்னொரு முக்கிய மருந்து அது.

“அதுக்கும் சளி அனுப்பியிருக்காங்களாம். வந்தா சொல்றோம்னாங்க.”

மாத்திரை ஆரம்பித்து அன்றைக்கு ஐந்து வாரம்.

இதே இரண்டு வரியை 2019 ஜனவரியில் நான் படித்திருக்கிறேன். அது என் தம்பியின் ரிப்போர்ட். நடுவில் திட்டத்தின் பெயர் மாறியது. 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் அறிவித்த கெடுவும் வந்துவிட்டது. அந்த இரண்டு வரி மட்டும் மாறவில்லை. அதைப் படித்துவிட்டு ‘சாதாரண டிபி’ என்று சொல்கிற வழக்கமும் மாறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் டாக்டர் இல்லை. சளி பரிசோதனைக் கூடத்தில் 21 வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தவள், அதில் பெரும்பகுதி ஒப்பந்தத்தில். சளியை ஸ்லைடில் தேய்த்துக் காயவைத்து, சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி பறக்கிற வரை அடியில் தீ காட்டி, அப்புறம் ஆசிட்டில் கழுவி நீலம் ஊற்றுவோம். மற்றதெல்லாம் நீலமாகிவிடும். காசநோய்க் கிருமி மட்டும் ஆசிட்டுக்கு அசையாமல் சிவப்பாகவே நிற்கும். நூறு ஃபீல்டு, அதாவது லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரிகிற வட்டம், எண்ணிப் பார்க்க வேண்டும். கழுத்து வலியும் கண் எரிச்சலும் போக அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று: மருந்துக்குச் சாகிற கிருமியும் சாகாத கிருமியும் லென்ஸுக்கு அடியில் ஒரே மாதிரிதான் இருக்கும். குச்சி குச்சியாக, சிவப்பாக, லேசாக வளைந்து.

சளியில் கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் மெஷின் எங்கள் பக்கம் வந்தபோது அதனால்தான் அவ்வளவு சந்தோஷப்பட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் அதைப் பரிந்துரைத்தது. கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, ஆறு வாரம் காத்திருந்த எங்களுக்கு, கார்ட்ரிட்ஜைச் செருகி இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று தெரிந்துவிடுவது அதிசயம்தான். அந்த மெஷினைக் குறை சொல்ல நான் வரவில்லை. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி 44 லட்சம் எழுத்து நீளம். எதிர்ப்பைக் கண்டுபிடிக்க அந்தக் கார்ட்ரிட்ஜ் பார்ப்பது ஆர்பிஓபி என்ற ஒரே ஜீனில், 81 எழுத்துள்ள ஒரு துண்டை. அவ்வளவுதான். ஐஎன்ஹெச் என்று நாம் சொல்கிற ஐசோனியாசிட் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை ரிப்போர்ட்டும் சொல்வதில்லை.

என் தம்பிக்கு அப்போது 34 வயது. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். பொங்கல் முடிந்த வாரம் இருமிக்கொண்டு வந்தான். அவன் ஸ்லைடை நானே பார்த்தேன். சொந்தக்காரர் ஸ்லைடை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும், ஆனால் அன்றைக்கு வேறு ஆள் இல்லை. 2+. ஃபீல்டுக்கு நாலைந்து. சிபிநாட்டில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்று வந்தது. “அக்கா, சாதாரண டிபிதானே?” என்றான். “ஆமாம்டா, சாதாரணம்தான்” என்றேன். இதை மறைக்கப்போவதில்லை. அந்த வார்த்தையை அவனிடம் முதலில் சொன்னவள் நான்தான். அவனுக்கு முன்னால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

எடை 44 கிலோ, அதனால் தினம் மூன்று மாத்திரை. ஐஎன்ஹெச் எதிர்ப்பையும் பார்க்கிற எல்பிஏ சோதனைக்கு இன்னொரு டப்பா சளி ஐஸ் ஜெல் பெட்டியில் போனது. பதினெட்டு நாள் கழித்து, டப்பா கசிந்துவிட்டது, மறுபடி அனுப்புங்கள் என்று தகவல் வந்தது. அனுப்பினோம். அதற்குள் மாத்திரையின் வேலையால் சளியில் கிருமி குறைந்திருந்தது. நேராகச் செய்ய முடியாது, கல்ச்சரில் வளர்த்துத்தான் செய்யணும் என்றார்கள். ரிசல்ட் வந்தது 119-ஆம் நாள். எல்பிஏ பட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், வெள்ளைத் துண்டில் ஊதாக் கோடு கோடாக விழும். ஐஎன்ஹெச் எதிர்ப்பைக் காட்டிக்கொடுக்கிற கேட்ஜி ஜீனுக்கு விழ வேண்டிய இயல்பான கோடு அவன் பட்டையில் இல்லை. மாற்றத்தைக் காட்டுகிற கோடு விழுந்திருந்தது. ஐஎன்ஹெச் அவன் கிருமியிடம் முதல் நாளிலிருந்தே பலித்திருக்காது.

“நாலு கிலோ ஏறியிருக்கான், சளி நெகட்டிவ், இன்னும் ரெண்டு மாசம்தானே, முடிச்சுடட்டும்” என்று முடிவெடுத்தார்கள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. எல்லா ஊரிலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் ஐஎன்ஹெச், ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால் மூன்று. அவனுக்கு அந்த மூன்றில் ஒன்று வெறும் மாவு. எத்தாம்புட்டால் பலம் குறைந்தது. ரிஃபாம்பிசின் கிட்டத்தட்டத் தனியாளாக நின்று மல்லுக்கட்டியது.

இன்னொன்றும் நடந்தது. அவனுடைய நாலு வயது மகளுக்கு நோய் வராமல் தடுக்க ஆறு மாதம் தினமும் மாத்திரை கொடுத்தோம். நானே வாழைப்பழத்தில் நசுக்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த மாத்திரை ஐஎன்ஹெச். அப்பாவின் கிருமிக்கு உறைக்காத அதே மாத்திரை. குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். உங்கள் திட்டத்தின் கணக்கில் அவள் ‘தடுப்பு சிகிச்சை முழுமை’ என்று ஏறியிருப்பாள்.

2020 மார்ச்சில் திரும்பவும் இருமல். இந்த முறை கார்ட்ரிட்ஜ், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு காணப்பட்டது என்று சொன்னது. எம்டிஆர். ரிஃபாம்பிசினுக்கும் ஐஎன்ஹெச்சுக்கும் சேர்ந்து அடங்காத டிபி அது. ஊரடங்கு போட்ட நேரம். காசநோய் மெஷின்கள் பல ஊர்களில் கொரோனா சோதனைக்குப் போய்விட்டன. பதினெட்டு மாதத்துக்கும் மேல் மருந்து. க்ளோஃபாசிமின் தின்று உடம்பெல்லாம் கறுத்துச் செம்புப் பாத்திரம் மாதிரி ஆனான். லினிசோலிட் தின்று உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது, ராத்திரியில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பான். சைக்ளோசெரின் தின்ற காலத்தில் ஒரு நாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, “அக்கா, தலைக்குள்ள யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க” என்றான். பிழைத்துவிட்டான். ஆனால் மூட்டை தூக்குகிற நுரையீரல் இப்போது அவனிடம் இல்லை. மில் வாசலில் டோக்கன் கொடுக்கிறான்.

இதில் எது விதி, எது தவறு என்று பிரித்துப் பார்க்கத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் தெரிந்தது, என் தம்பிக்கு நடந்தது தற்செயல் இல்லை, அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

காசநோய்க் கிருமி மற்ற பாக்டீரியாக்களைப் போல எதிர்ப்பைப் பக்கத்துக் கிருமியிடம் கடன் வாங்குவதில்லை. தன் மரபணுவில் ஓர் எழுத்து தப்பாகப் பிரதியாகும்போதுதான் அதற்கு எதிர்ப்பு வருகிறது. நுரையீரலில் ஓட்டை விழுந்த புண்ணுக்குள் பத்துக் கோடிக்கு மேல் கிருமி இருக்கலாம். அத்தனை பேரில் ஐஎன்ஹெச்சுக்குத் தப்புகிறவன் ஒன்றிரண்டாவது இருப்பான். ரிஃபாம்பிசினுக்குத் தப்புகிறவன் அதைவிடப் பல மடங்கு அரிது. இரண்டுக்கும் சேர்ந்து ஒரேயடியாகத் தப்புகிறவன் நடைமுறையில் இல்லை. கூட்டு மருந்து என்கிற மொத்த யோசனையே இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஐஎன்ஹெச் முன்பே தோற்றிருந்தால் கணக்கு உடைந்துபோகிறது.

ஐந்து கண்டங்களிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிருமிகளின் மரபணுவை வரிசைப்படுத்திய ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. எந்த வம்சத்துக் கிருமியாக இருந்தாலும், எந்த நாடாக இருந்தாலும், பெரும்பாலும் முதலில் போவது ஐஎன்ஹெச், அதன் பிறகே ரிஃபாம்பிசின் என்று அது காட்டியது. கேட்ஜி ஜீனின் 315-ஆம் இடத்தில் வருகிற மாற்றம் எம்டிஆருக்கு முன்னால் அடிக்கிற மணி. இந்தியாவில் நாம் மணியைக் கேட்பதில்லை. தீப்பிடித்ததா என்று மட்டும் இரண்டு மணி நேரத்தில் சோதித்து, இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

எவ்வளவு பேர் இப்படி என்று நான் ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கணக்கே இருக்கிறது. 2014 முதல் 2016 வரை நடந்த முதல் தேசிய மருந்து எதிர்ப்பு ஆய்வில், புதிதாக நோய் கண்டவர்களில் எம்டிஆர் 2.84 சதவீதம். ஐஎன்ஹெச் எதிர்ப்பு 11.06 சதவீதம். முன்பே சிகிச்சை எடுத்தவர்களில் ஐஎன்ஹெச் எதிர்ப்பு 25.09 சதவீதம். நூறு புது நோயாளியில் பதினொரு பேருக்கு ஐஎன்ஹெச் பலிக்காது. கார்ட்ரிட்ஜ் அதில் மூன்று பேரைப் பிடிக்கும். மீதி எட்டுப் பேரிடம் ‘சாதாரண டிபி’ என்று சொல்லி அனுப்புவோம். இந்தக் கணக்குப் போட எட்டாம் வகுப்புப் படிப்பு போதும்.

இது ஐஎன்ஹெச் கதை மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். எங்கள் கிருமி யார் என்று தெரியாமலே எங்களுக்கு வைத்தியம் நடக்கிறது என்பதுதான் என் பெரிய குறை.

உலகத்துக் காசநோய்க் கிருமிகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. பல வம்சங்கள் உண்டு. தென்னிந்தியாவில் அதிகம் இருப்பது முதலாம் வம்சம், இந்தியப் பெருங்கடல் ஓரத்து நாடுகளில் காலங்காலமாக இருக்கிற பழைய வம்சம். வட இந்தியாவில் மூன்றாம் வம்சம். மருந்து எதிர்ப்போடு அடிக்கடி பேசப்படுகிற பெய்ஜிங் ரகம் இரண்டாம் வம்சம். ஆனால் உலகமே ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிற மாதிரிக் கிருமி, ஹெச்37ஆர்வி, நாலாம் வம்சம். 1905-ல் நியூயார்க் மாகாணத்தில் ஒரு சானடோரியத்தில், அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில், இருந்த பத்தொன்பது வயது நோயாளியிடமிருந்து எடுத்தது. 1998-ல் முதன்முதலில் மரபணு வரிசை முழுதாக வெளியானது அந்தக் கிருமிக்குத்தான். நம் முதலாம் வம்சத்தில் இருக்கிற ஒரு மரபணுத் துண்டு அதில் கிடையாது. நவீன வம்சங்கள் அதை எப்போதோ இழந்துவிட்டன. அந்த ஊர் வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்த ஊரில் தெரு தேடுகிறோம்.

இது புதிய புகாரும் இல்லை. 1960 வாக்கிலேயே மெட்ராஸ் நோயாளிகளின் கிருமிகள் இங்கிலாந்துக் கிருமிகளைவிடக் கினிப்பன்றிகளிடம் வீரியம் குறைந்திருப்பதைக் கவனித்தார்கள். 1968-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசி சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கையை நீட்டினார்கள். நுரையீரல் காசநோயிலிருந்து அந்தத் தடுப்பூசி பாதுகாப்புத் தரவில்லை என்று 1979-ல் முடிவு வந்தபோது, இந்த ஊர்க் கிருமியின் தன்மையே வேறாக இருக்குமோ என்பதும் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. 1990-களில் கிருமிக்குக் கைரேகை எடுக்கிற முறை வந்தது. ஐஎஸ்6110 என்ற துண்டு மரபணுவில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுவார்கள். வெளிநாடுகளில் பத்து, பதினைந்து என்று வந்த எண்ணிக்கை, நம் பக்கத்துக் கிருமிகள் பலவற்றில் ஒன்று. சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரே ரேகை இருந்தால் யாரை யாரிடமிருந்து பிரிப்பது? வெளியூருக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தவில்லை என்று முப்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது.

அப்புறம் 2017. திருவள்ளூர், மதுரை மாவட்டங்களில் 196 நோயாளிகளிடமிருந்து எடுத்த 223 கிருமிகளின் முழு மரபணு வரிசை வெளியானது. நான் பலமுறை படித்த ஆய்வு அது. முதலாம், மூன்றாம் வம்சங்கள்தான் அதில் அதிகம். ஒரே சிகிச்சை மையத்துக்கு வந்துபோன நோயாளிகளுக்குள் அண்மையில் தொற்று பரவியதற்கான தடயம் இருந்தது. ஒரே நோயாளியின் உடம்புக்குள் நாளாக ஆக எதிர்ப்பு முளைத்ததும் தெரிந்தது. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்திய விஷயம்: வேறு நாட்டு ஆய்வுகளில் எதிர்ப்பை நன்றாக விளக்குகிற, ஏற்கனவே பட்டியலில் இருக்கிற மாற்றங்கள், நம் கிருமிகளின் எதிர்ப்பை அந்த அளவுக்கு விளக்கவில்லை. கல்ச்சர் தட்டில் கிருமி மருந்தை மீறி வளர்கிறது, மரபணுவில் பார்த்தால் தெரிந்த மாற்றம் எதுவும் இல்லை. யாரும் குறித்துவைக்காத மாற்றமாக இருக்கலாம், இல்லை ஒரே நோயாளிக்குள் இரண்டு கிருமிகள் கலந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

இது திருவள்ளூரும் மதுரையும் சொன்ன சேதி. அதற்குப் பிறகு எந்த மாவட்டத்தில் எந்த வம்சம், எந்த மாற்றம் எவ்வளவு பரவுகிறது என்று நோயாளியோ, என்னைப் போன்ற டெக்னீஷியனோ பார்க்கிற மாதிரி ஒரு பொதுப் பட்டியல் என் கண்ணில் பட்டதில்லை.

சோதனை பார்க்காத இடத்தில் கிருமி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் எஸ்வாட்டினி என்ற சின்ன நாடு இருக்கிறது, அப்போது அதற்கு ஸ்வாசிலாந்து என்று பெயர். 2009-ல் அங்கே நடந்த தேசிய ஆய்வில் எடுத்த எம்டிஆர் கிருமிகளைப் பிற்பாடு மரபணு வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஏறக்குறைய முப்பது சதவீதத்தில் ஆர்பிஓபி ஜீனின் 491-ஆம் இடத்தில் மாற்றம் இருந்தது. கார்ட்ரிட்ஜ் பார்க்கிற 81 எழுத்துக்கு வெளியே இருக்கிற இடம் அது. மெஷின் ‘எதிர்ப்பு இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கும், நோயாளி தவறான மருந்தைத் தின்றுகொண்டே வீட்டில் இருமியிருப்பார். மெஷினுக்கு அகப்படுகிற கிருமி சரியான மருந்தில் சாகிறது, அகப்படாத கிருமி பரவுகிறது. எஸ்வாட்டினி தேடியதால் கண்டுபிடித்தது.

இப்போது புது மருந்துகளுக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் எம்டிஆருக்கான பிபால்எம் சிகிச்சைக்கு ஒப்புதல் தந்தீர்கள். பெடாக்குலின், பிரிட்டோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின், ஆறே மாதம். என் தம்பி பட்டதைப் பார்த்த நான் இதை வேண்டாம் என்பேனா? இன்னும் நாலு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த மருந்துக் கூட்டை நிறுவிய பெரிய ஆய்வுகள் நடந்த இடங்களைப் பாருங்கள்: தென்னாப்பிரிக்கா, ஜார்ஜியா, மால்டோவா, ரஷ்யா, பெலாரஸ், உஸ்பெகிஸ்தான். முதலாம் வம்சம் அங்கெல்லாம் அபூர்வம். முதலாம் வம்சத்துக் கிருமிகள் பிரிட்டோமானிடுக்கு இயல்பிலேயே கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன, அவற்றை அடக்க மருந்தின் அளவு கூட வேண்டியிருக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நோயாளிக்கு இதனால் குறை வருமா என்பதை இங்கேதான் பார்த்துச் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த வம்சம் இங்கேதான் கொட்டிக்கிடக்கிறது. மருந்து கொடுக்கும்போதே கிருமியின் வம்சத்தையும் குறித்துவைத்தால் இரண்டு வருஷத்தில் பதில் கிடைத்துவிடும். குறிக்காவிட்டால் பத்து வருஷம் கழித்து யாராவது ஒருவர் ஃப்ரீசரில் கிடக்கும் கல்ச்சரைத் தோண்டி எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார்.

பெடாக்குலினுக்கும் ஒரு வார்த்தை. அந்த மருந்து மலிவாகக் கிடைக்க வழி விட்டது 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் எடுத்த முடிவு. காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று மனுப் போட்டவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும், இருவரும் காசநோய்ச் சிகிச்சையில் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். அப்படிக் கிடைத்த மருந்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? உடம்பை விட்டுப் போக மாதக்கணக்காகும் மருந்து அது. நோயாளி பாதியில் எல்லாவற்றையும் நிறுத்தினால் மற்றவை வெளியேறிய பிறகும் இது மட்டும் தனியாக, குறைந்த அளவில் தங்கியிருக்கும். எதிர்ப்பு முளைக்க இதைவிட நல்ல பாத்தி கிடையாது. அந்த எதிர்ப்பைத் தருகிற மாற்றங்கள் ஒரே இடத்தில் இல்லை, ஒரு ஜீன் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அதனால் சுலபமான கார்ட்ரிட்ஜ் இல்லை. கல்ச்சரில் மருந்து வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மரபணுவை வரிசையாகப் படிக்க வேண்டும். இப்போது எத்தனை பேருக்குப் படிக்கிறோம்?

மருந்தே இல்லாத நாளும் வந்தது. 2024 மார்ச்சில் முதல்நிலை மாத்திரைகள் தட்டுப்பட்டு, மூன்று மாதத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் போனது. மாத்திரையை ஒரு நாள் மறந்தால் நோயாளியைத் திட்டுகிற அதே திட்டம்தான் அது.

பணமும் ஆளும் இல்லை என்பீர்கள். புது கார்ட்ரிட்ஜ், ஐஎன்ஹெச்சையும் லீவோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகளையும் சேர்த்துப் பார்ப்பது, பழைய மெஷினில் ஓடாது, பத்து நிற மாட்யூல் என்கிற புது பாகம் வேண்டும் என்று எனக்கும் தெரியும். எல்பிஏ செய்யத் தனி அறை, பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்றும் தெரியும், அந்தப் பயிற்சியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் தம்பியின் இரண்டாவது சிகிச்சைக்கு அரசாங்கம் செலவழித்த பணத்தில் எத்தனை பேருக்கு ஐஎன்ஹெச் சோதனை செய்திருக்கலாம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தத் தமிழ்நாடுதான் 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, நோயாளியை முதல் நாளே எடை, ஆக்சிஜன், நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே வார்டில் சேர்த்துக் காட்டியது. ஒரு எடை மெஷின், விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி, ஒரு தாள் வைத்துக்கொண்டு செய்த வேலை. மனசிருந்தால் செய்ய முடியும்.

இனி கோரிக்கைகள்.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று, காசு தேவையில்லை. ரிஃபாம்பிசின் மட்டும் பார்த்த ரிப்போர்ட்டில், ‘ஐசோனியாசிட் எதிர்ப்பு இன்னும் பரிசோதிக்கப்படவில்லை’ என்று ஒரு வரியைத் தமிழில் கட்டாயமாக அச்சிடுங்கள். அந்த ரிசல்ட் வருகிற வரை நோயாளியிடமும் உங்கள் கணினிப் பதிவேடான நிக்ஷயிலும் ‘மருந்துக்குக் கட்டுப்படும் டிபி’ என்ற முத்திரையைக் குத்தாதீர்கள்.

ஐஎன்ஹெச், லீவோஃப்ளாக்ஸசின் இரண்டுக்கும் எதிர்ப்புச் சோதனை ரிசல்ட் மாத்திரை தொடங்கிய 15 நாளுக்குள் நோயாளி கையில் இருக்க வேண்டும் என்று கெடு வையுங்கள். அந்தக் கெடுவை மாவட்ட வாரியாகக் கண்காணியுங்கள். எத்தனை பேரைக் கண்டுபிடித்தோம் என்று மாதாமாதம் மீட்டிங்கில் கேட்கிறீர்களே, அந்தப் பட்டியலில் ‘எல்பிஏ ரிசல்ட் வர எத்தனை நாள்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். கேள்வி கேட்கிற கட்டம் இருந்தால் டப்பா கசியாது, அனுபவத்தில் சொல்கிறேன். சளி பாசிட்டிவ் ஆனவர்களின் இரண்டாவது டப்பா முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன்னால் வண்டி ஏற வேண்டும். முடிகிற மாவட்டங்களில் பத்து நிற மாட்யூலை உடனே வையுங்கள், எம்டிஆர் அதிகம் இருக்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள்.

வீட்டில் இருக்கும் குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை எழுதும் முன், அந்த வீட்டு நோயாளியின் ஐஎன்ஹெச் ரிசல்ட்டைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். ரிசல்ட் வராவிட்டால் வந்ததும் திருத்த வேண்டும், அதற்கு ஒரு ஆள் பொறுப்பு என்று பெயர் எழுதிவையுங்கள்.

எம்டிஆர் நோயாளி ஒவ்வொருவரின் கிருமியையும், புது நோயாளிகளில் மாவட்டத்துக்கு ஒரு பங்கையும், முழு மரபணு வரிசைப்படுத்துங்கள். சென்னையில் 1956-லிருந்து காசநோய் ஆராய்ச்சி நடக்கிறது, வீட்டிலிருந்தே மாத்திரை தின்று சானடோரியத்துக்குச் சமமாகக் குணமாக முடியும் என்று உலகத்துக்குச் சொன்ன ஊர் இது. இங்கே ஆள் இல்லை, அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வருகிற முடிவை வம்சம், மாற்றம், மாவட்டம் என்று நோயாளி பெயரில்லாமல் வருஷத்துக்கு ஒரு முறை வெளியிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-லும் 2023-லும் வெளியிட்ட மாற்றங்களின் பட்டியலில் நம் ஊர்க் கிருமி எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்பதையும் அதிலேயே சொல்லுங்கள்.

பிபால்எம் தொடங்குகிற ஒவ்வொருவருக்கும் பெடாக்குலின் எதிர்ப்பை முதலிலும், நாலு மாதத்தில் சளி நெகட்டிவ் ஆகாவிட்டால் மறுபடியும் பாருங்கள். பிரிட்டோமானிட் முடிவுகளை வம்ச வாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை மாத மருந்து கையிருப்பு என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி வையுங்கள்.

நோய் திரும்பி வந்தவர்களிடம், பழைய கிருமியே திரும்பியதா, புதுக் கிருமி தொற்றியதா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லுங்கள். என் தம்பிக்கு இன்று வரை யாரும் சொல்லவில்லை. இரண்டாவது எல்பிஏயிலும் அதே கேட்ஜி கோடு விழுந்தது, அதனால் பழையதுதான் என்று நினைக்கிறேன். அவனுடைய இரண்டு கல்ச்சரும் ஏதாவது ஒரு ஃப்ரீசரில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அவன் ஒப்புதல் தருவான், கேட்டுவிட்டேன்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இன்றோடு ஒன்பது வாரம். ஐஎன்ஹெச் ரிசல்ட் இன்னும் வரவில்லை. இந்த மடலுக்குப் பதில் எழுதும் முன் அதை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு லேப் டெக்னீஷியன்